பக்கத்து சீட் சென்சார் கோளாறு: கவரை உரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பக்கத்து சீட்டில் ஆளே இல்லை, ஆனாலும் பெல்ட் போடச் சொல்லி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அல்லது வாட்டசாட்டமான ஆள் உட்கார்ந்திருக்கும்போதே 'பயணி ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறது. அல்லது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு வண்டி ஓடும் நேரமெல்லாம் அணையாமல் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் "சீட் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். உண்மையில் மூன்றும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். சென்சார் கெடுவது உண்டுதான். ஆனால் சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர், மேலே போட்ட கூடுதல் கவர், காலி சீட்டைப் பூஜ்ஜியமாகக் காட்டாத அளவீடு, பெல்ட் பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்ச் என்று சந்தேகப்பட வேண்டியவை அதற்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன.

சென்சாரை மாற்ற சீட்டை இறக்கி, கவரை உரித்து, ஃபோமைத் தனியே எடுக்க வேண்டும். உரிக்கும்போது நன்றாக இருந்த மேட்டே (சீட்டுக்குள் விரித்திருக்கும் மெல்லிய சென்சார் தாள்) மடிந்து உடைந்துபோவதும் உண்டு. ஆகவே கவரில் கை வைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை சென்சார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சீட் சென்சாருக்கு வண்டியைப் பொறுத்து இரண்டில் ஒரு வேலை இருக்கும். சில வண்டிகளில் சீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். பெல்ட் நினைவூட்டலுக்கு அது போதும். வேறு வண்டிகளில் உட்கார்ந்திருப்பவர் பெரியவரா, சிறுவரா, குழந்தை சீட்டா என்று பிரித்துச் சொல்லும். விபத்தில் ஏர்பேக் விரியலாமா, அடக்கிவைக்க வேண்டுமா என்பதைக் கம்ப்யூட்டர் அதை வைத்தே முடிவு செய்கிறது. அமெரிக்கா 2000-ல் தன் எஃப்எம்விஎஸ்எஸ் 208 என்ற வாகனப் பாதுகாப்பு விதியைத் திருத்தி, குழந்தைகளையும் சிறிய உடல்வாகு உள்ளவர்களையும் ஏர்பேக்கின் வேகத்திலிருந்து காக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 2003 முதல் 2006 வரை அது படிப்படியாக அமலானது. அந்தச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் இந்த இரண்டாவது வகை பரவியது அப்படித்தான். அந்தச் சோதனைகளில் பயன்படும் சிறிய பெண் பொம்மையின் எடை சுமார் 49 கிலோ, ஆறு வயதுக் குழந்தைப் பொம்மையின் எடை சுமார் 23 கிலோ. இரண்டுக்கும் நடுவே எடையுள்ள ஒருவர் உட்காரும்போது 'ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிந்தால் அது கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரே மாடல் வேறொரு நாட்டில் வெறும் பெல்ட் நினைவூட்டல் மேட்டுடன் வரலாம். சில வண்டிகளில் டேஷ்போர்டின் பயணி பக்க ஓரத்திலோ கிளவ் பாக்ஸுக்குள்ளோ சாவி போட்டுத் திருப்பும் ஏர்பேக் சுவிட்ச் இருக்கும். 'ஆஃப்' விளக்கு எரிகிறது என்றதும் சென்சாரைத் தேடுவதற்கு முன், அந்தச் சுவிட்சை யாராவது திருப்பிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சென்சாரின் கட்டமைப்பு நான்கு விதம். அதிகம் காணப்படுவது அழுத்த மேட்: இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே கடத்தும் மை பூசிய தடங்கள், அழுத்தும்போது மின்தடை குறையும். இரண்டாவது, சிலிக்கோன் ஜெல் போன்ற திரவம் நிரப்பிய தட்டையான பை, அதிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் அழுத்த சென்சார். மூன்றாவது, சீட்டின் சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மூலைகளில் பொருத்திய எடை செல்கள். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் நான்கு செல்கள் இருக்கும். நான்காவது, மின்புல வகை. சீட்டுக்குள் இருக்கும் மின்முனை மெல்லிய மின்புலத்தை உண்டாக்கி, மனித உடல் அருகே வந்ததும் அதில் வரும் மாற்றத்தைப் படிக்கும். எடையை அது பார்ப்பதே இல்லை.

உங்கள் வண்டியில் எது என்பதை சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிடுங்கள். மேட்டுக்குச் செய்யும் ஓம் (மின்தடை) சோதனையை எடை செல்லுக்கோ மின்புலச் சென்சாருக்கோ செய்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

தொடுவதற்கு முன்

பயணி சீட்டின் அடியில் சென்சார் வயர் மட்டும் போவதில்லை. சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக்குக்கும், பல வண்டிகளில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனருக்கும் வயர் அங்கேதான் போகிறது. இரண்டிலும் வெடிமருந்து உண்டு. மஞ்சள் கனெக்டரையோ மஞ்சள் உறையிட்ட வயரையோ கண்டால் அது வெடிமருந்துக்குப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் அங்கே ஆபத்து. டெஸ்ட் விளக்கும் கூடாது.

வேலையின் வரிசை இது. மின்மோட்டார் சீட் என்றால் போல்ட்டுகள் தெரியும்படி முதலில் சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு சீட் நகராது. அடுத்து இக்னிஷனை ஆஃப் செய்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பத் தொட்டுவிடாதபடி ஒதுக்கிவையுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும். டொயோட்டா கையேடுகள் 90 வினாடி காத்திருக்கச் சொல்கின்றன, வேறு நிறுவனங்கள் சில நிமிடங்கள் சொல்கின்றன. 10 நிமிடம் பொறுப்பது நல்லது. உங்கள் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதுவே கணக்கு. சீட்டைத் தொடுமுன் வண்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

சீட் கனெக்டர் எதையும் கழற்றிய நிலையில் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள். செய்தால் கம்ப்யூட்டரில் புதிதாக ஃபால்ட் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) பதிவாகும், அதை அழிக்க, கோடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் வேண்டியிருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்யும் ஒரு சோதனை பின்னால் வருகிறது. அதற்கு மட்டும் விலக்கு.

கருவியில்லாமல் செய்யும் சோதனைகள்

சீட்டைக் காலி செய்யுங்கள். பை, போன், சார்ஜர், கூடுதல் குஷன், மணி கோத்த விரிப்பு, பின்னால் வாங்கிப் போட்ட கவர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். உருண்டுபோன தண்ணீர் பாட்டிலோ குடையோ கீழிருந்து ஃபோமை முட்டினால் அழுத்த மேட்டுக்கு அது ஆள் உட்கார்ந்த மாதிரிதான். எடை செல் உள்ள சீட்டில் கதை தலைகீழ்: கீழே சிக்கிய பொருள் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் பெரியவர் சிறுவராகத் தெரிவார். சீட்டின் முதுகு பின் சீட்டில் முட்டுவது, பின்னால் இருப்பவர் முழங்காலால் தள்ளுவது, இரண்டும் எடை செல் கணக்கைக் கெடுக்கும்.

ஈரமிருந்தால் காய விடுங்கள். மின்புல வகையில் நனைந்த ஃபோமும் மனித உடலும் சென்சாருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். மழையில் ஜன்னல் திறந்திருந்த மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். அதே வகையில், சீட்டில் வைத்துச் சார்ஜ் செய்யும் லேப்டாப்பும் இன்வெர்ட்டரும்கூட வாசிப்பைக் குழப்பும்.

பெரியவருக்கு 'ஏர்பேக் ஆஃப்' எரிந்தால், அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். முதுகைச் சாய்த்துப் படுத்தபடி, கதவின் மேல் சாய்ந்தபடி, சீட்டின் நுனியில், காலை டேஷ்போர்டில் வைத்தபடி இருந்தால் பாரம் சென்சார் மேல் முழுதாக இறங்காது. சீட் முதுகை நிமிர்த்தி, நடுவில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். வண்டியை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் பொறுத்து விளக்கைப் பாருங்கள்.

பெல்ட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில வண்டிகளில் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால், குழந்தை சீட்டைக் கட்டுவதற்கான பூட்டு விழும். பிறகு பெல்ட் உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. திரவப் பை வகைச் சீட்டுகளில் பெல்ட் இழுவிசையை அளக்கும் தனிச் சென்சாரும் இருக்கலாம். பூட்டு விழுந்த பெல்ட் உடலை இறுக்கியதும் 'இறுகக் கட்டிய குழந்தை சீட்' என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு ஏர்பேக்கை அடக்கிவிடும். பெல்ட்டைக் கழற்றி முழுவதும் உள்ளே விட்டு, முழுதாக இழுக்காமல் மீண்டும் போட்டாலே சரியாகிவிடும்.

காலி சீட்டில் மணி அடித்தால் செய்ய வேண்டியது ஒரே சோதனைதான், ஆனால் அது கோளாறை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும். காலி சீட்டின் பெல்ட்டை பக்கிளில் மாட்டுங்கள். மணி நின்றுவிட்டால் பக்கிளும் அதன் வயரும் நன்றாக இருக்கின்றன, சீட்தான் ஆள் இருப்பதாகச் சொல்கிறது. மாட்டிய பிறகும் அடித்தால் பக்கிள் சுவிட்ச் பக்கம் போங்கள்.

கடைசியாக, வண்டி நின்ற நிலையில், இக்னிஷன் ஆனில், சீட்டை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திக்கொண்டே விளக்கைக் கவனியுங்கள். ஏதோ ஓர் இடத்தில் விளக்கு மின்னினால் வயரோ கனெக்டரோதான் காரணம்.

ஸ்கேனரில் என்ன பார்ப்பது

மலிவான ஓபிடி ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். 'கோடு எதுவும் இல்லை' என்று அது சொன்னால் ஏர்பேக் கம்ப்யூட்டரை அது கேட்கவே இல்லை என்று பொருள். ஏர்பேக் அமைப்பைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கோடுகளை முழுதாக, பின்னிணைப்பு எண்களோடு எழுதிவைத்த பிறகே அழிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பி0081 பயணி சீட் சென்சார் அமைப்பைக் குறிக்கும். டொயோட்டாவில் பி1650 அதே வேலையைச் செய்யும் அமைப்பின் பொதுக் கோளாறு. யூ0154 என்றால் பயணி வகைப்பாட்டு மாட்யூலோடு (சென்சாரைப் படிக்கும் சிறு கம்ப்யூட்டரோடு) பேச முடியவில்லை என்று மற்றக் கம்ப்யூட்டர்கள் சொல்கின்றன. அங்கே மேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். மாட்யூலுக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா, கனெக்டர் அமர்ந்திருக்கிறதா என்பதில் தொடங்குங்கள்.

கோடின் எண்ணைவிட அதன் விவரம் அதிகம் பேசும். 'ஓப்பன் சர்க்யூட்' என்றால் கழன்ற கனெக்டர், அறுந்த வயர், உடைந்த மேட் தடம். 'எர்த்துக்கு ஷார்ட்' என்றால் தண்டவாளத்தில் நசுங்கிய வயரை நினைத்துக்கொள்ளுங்கள். 'அளவீடு பொருந்தவில்லை', 'பூஜ்ஜியப் புள்ளி' போன்ற சொற்கள் வந்தால் பாகம் நன்றாக இருந்து அளவீடு மட்டும் தவறியிருக்கலாம். கூடவே மின்னழுத்தம் குறைவு என்ற கோடும் இருந்தால் பேட்டரியைச் சரிசெய்து, அழித்து, மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். தளர்ந்த பேட்டரி வீணாக நிறைய கோடுகளைப் பதிய வைக்கும். இப்போது நடக்கும் கோளாறா, பழைய பதிவா என்பதையும் ஸ்கேனர் காட்டும். பழைய பதிவாக மட்டும் இருந்தால் விட்டுவிட்டு வரும் தொடர்பு, அதாவது பெரும்பாலும் கனெக்டர்.

அடுத்து நேரடி அளவுகளைத் திறந்துவைத்து, சீட்டைக் கையால் இடம்மாற்றி இடம்மாற்றி அழுத்துங்கள். மேட்டின் ஒரு பகுதியில் மட்டும் அளவு அசையவில்லை என்றால் தடம் அங்கே இறந்துவிட்டது. சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி ஏறும் பழக்கம் மேட்டுக்குப் பெரிய எதிரி. முழுப் பாரமும் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் இறங்கித் தாள் மடிகிறது.

இந்த நேரத்திலேயே வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் பாருங்கள். இந்தப் பாகத்துக்கு ரீகால் அரிதல்ல. நிசான் 2016-ல் பெரியவரைக் காலி சீட்டாகப் படிக்கும் சிக்கலுக்காக அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2024 பிப்ரவரியில், எடை சென்சாருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் விரிசலிட்டு ஷார்ட் ஆகும் சிக்கலுக்காக அதே நாட்டில் சுமார் ஏழரை லட்சம் வண்டிகளை அழைத்தது. ரீகாலில் சேர்ந்த வண்டி என்றால் உங்கள் கையால் எதையும் கழற்ற வேண்டாம்.

கனெக்டரில் நேரம் செலவிடுங்கள்

சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டருக்கு வண்டியில் வேறெந்தக் கனெக்டருக்கும் இல்லாத வாழ்க்கை. சீட் நகரும்போதெல்லாம் வயர் வளைந்து நிமிர்கிறது. கொட்டிய பானம் கார்ப்பெட்டில் தேங்கி அங்கேதான் காய்கிறது. வாக்குவம் குழாயின் வாய் அதில் சிக்கி இழுபடுகிறது. சுத்தம் செய்ய சீட்டை இறக்கி ஏற்றியவர் பூட்டை முழுதாகத் தள்ளாமல் விட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வியாதியும் உண்டு: வண்டி அதிரும்போது பின்கள் மயிரிழை அளவுக்கு உரசி, மேல் பூச்சு தேய்ந்து, ஆக்சைடு படிகிறது. தொடர்பு அறுந்திருக்காது, சில ஓம் மின்தடை மட்டும் கூடியிருக்கும். சாதாரண பல்பு சர்க்யூட் அதைச் சட்டை செய்யாது. ஏர்பேக் கம்ப்யூட்டர் சட்டை செய்யும்.

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகு கனெக்டரைப் பிரியுங்கள். பூட்டுத் துண்டு இருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள். உடைத்துவிட்டால் கனெக்டர் மறுபடி உறுதியாக நிற்காது. டார்ச் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள்: பச்சை அல்லது வெள்ளைப் படிவு, வளைவு, உள்ளே தள்ளப்பட்ட பின். அப்படி உள்ளே போன பின், கோணம் மாற்றிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. மின்தொடர்பு கிளீனர் தெளித்து, முழுதாக உலர விட்டு, இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். உப்புத்தாளோ கத்தியோ வைத்துச் சுரண்டக் கூடாது. பூச்சு போய்விட்டால் துரு வேகமாக வரும். பெண் பின் விரிந்திருக்கிறதா என்று அறிய, அதே அளவுள்ள உதிரி ஆண் பின்னை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். லேசான பிடிப்பு தெரிய வேண்டும். மல்டிமீட்டரின் தடித்த முனையை முன்பக்கமாகக் குத்தினால் நல்ல பின்னையும் நீங்களே விரித்துவிடுவீர்கள். அளக்க வேண்டுமானால் வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையால் தொடுங்கள்.

பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே சீட் சட்டம் முழுவதும் போங்கள். தண்டவாளத்தின் ஓரம், சாய்வுக் கீலின் அருகு, உலோகக் கம்பியைக் கடக்கும் இடம், இவற்றில்தான் உறை தேயும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது. கையேடு பழுதுபார்ப்பை அனுமதிக்கும் வயர் என்றால் முறையான கிரிம்ப் இணைப்பும் சூட்டில் சுருங்கும் உறையும் போடுங்கள். அனுமதிக்காத வயர் என்றால் முழு ஹார்னஸை (வயர்க் கட்டை) மாற்ற வேண்டும்.

எல்லாம் செருகி, பேட்டரியை இணைத்து, கோடை அழித்து, சில நாள் ஓட்டிப் பாருங்கள். திரும்ப வரவில்லை என்றால் வேலை முடிந்தது.

மீட்டரை எடுக்கும்போது

இரண்டு வயர் மேட் என்றால் மேட் பக்கத்து இரு பின்களுக்கிடையே ஓம் அளவெடுங்கள். வயரிங் படத்தைப் பார்த்து, அது மேட்டின் வயர்தான் என்று உறுதி செய்த பிறகே மீட்டர் முனை அதைத் தொடலாம். காலியாக ஒரு முறை, ஒருவர் உட்கார்ந்து ஒரு முறை. இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இருக்க வேண்டும், எழுந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். எழுந்த பிறகும் குறைந்த அளவிலேயே ஒட்டி நின்றால் தாள்கள் ஒட்டிக்கொண்டன. காலி சீட்டில் மணி அடிக்கும் மேட் இதுதான். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஃபோக்ஸ்வாகனின் ஜி128 சென்சாரை எடுத்துக்கொண்டால், காலியாக சுமார் 430 முதல் 480 ஓம், ஆள் இருந்தால் 120 ஓம் அல்லது அதற்கும் கீழே, 480-க்கு மேல் போனால் சர்க்யூட் அறுந்தது என்று கணக்கு. வேறு சில மேட்டுகள் காலியாக இருக்கும்போது முழுத் திறப்பையே காட்டும், அது அவற்றுக்கு இயல்பு. அதனால் உங்கள் வண்டியின் அளவு தெரியாமல் 'ஓப்பன், கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். இரு பின்களில் எதற்கும் சீட் சட்டத்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

மேட்டா, வயரா, கம்ப்யூட்டரா என்று இழுபறியாக இருந்தால், முன்னே சொன்ன விலக்கான சோதனை இது. பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, மேட்டின் கனெக்டரை மட்டும் பிரித்து, பேட்டரியை இணைத்து, வண்டிக்குள் யாரும் இல்லாமல் வெளியிலிருந்து இக்னிஷனை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கோடு 'ஓப்பன்' என்று மாற வேண்டும். மறுபடி அதே வரிசையில் பேட்டரியைக் கழற்றி, வண்டி பக்கத்து இரு மேட் வயர்களையும் ஒரு ஜம்பரால் (சிறு இணைப்பு வயரால்) இணைத்துப் பாருங்கள். இப்போது 'ஷார்ட்' என்று மாற வேண்டும். இரண்டு முறையும் மாறினால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, மேட்தான் பழுது. மாறவே இல்லை என்றால் புதிய மேட் வாங்கினாலும் அதே விளக்குதான் எரியும். மேட்டின் இரண்டு வயர்தானா என்று வயரிங் படத்தில் உறுதி செய்யாமல் இதைச் செய்யக் கூடாது. மேட்டோடு சேர்ந்து தனி மின்னணுப் பெட்டி இருக்கும் வகையிலும் இது பொருந்தாது.

திரவப் பை வகையில் குழாய் மடிந்திருக்கிறதா, சீட்டுக்கடியில் எண்ணெய் போன்ற கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். திரவம் போனால் அழுத்தம் குறைந்து பெரியவரும் சிறுவராவார். அழுத்த சென்சாரில் பொதுவாக மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். அழுத்தும்போது சிக்னல் சீராக ஏற வேண்டும். இந்த வகையில் பையை மட்டும் வாங்கி மாற்ற முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவை பை, குழாய், சென்சார், மாட்யூல், ஃபோம் எல்லாவற்றையும் சேர்த்தே அளவீடு செய்து ஒரே செட்டாகத் தருகின்றன. பழைய மாட்யூலுடன் புதிய பை சேராது.

எடை செல்களை ஸ்கேனரில் தனித்தனியாகப் பார்க்கலாம். காலி சீட்டில் மொத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாமல் இருந்தால், செல்லைக் குற்றம் சொல்லுமுன் அந்த மூலையின் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறையாக இறுக்கிப் பாருங்கள். தரை சற்று வளைந்திருந்தாலோ, ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கிவிட்டாலோ சட்டம் முறுக்கேறி, காலி சீட்டிலேயே செல் பாரம் காட்டும். விபத்தில் அடிபட்ட வண்டியில் இது மிகவும் சகஜம்.

மின்புல வகையில் மீட்டருக்கு அதிக வேலையில்லை. ஈரம், கூடுதலாகப் பொருத்திய சீட் ஹீட்டர், மாற்றித் தைத்த தடித்த கவர், சீட் சட்டத்தின் எர்த் வயர் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டால் மிச்சம் மாட்யூல்தான்.

பக்கிளில் இரண்டு விதம் உண்டு. மைக்ரோசுவிட்ச் என்றால் ஓம் சோதனை போதும். காந்தப்புலத்தைப் படிக்கும் இரண்டு வயர் ஹால் சென்சார் என்றால் ஓம் அளவு பொய் சொல்லும். அது மின்னோட்டத்தால் பேசுகிறது: ஒரு நிலையில் சுமார் 5 முதல் 7 மில்லி ஆம்பியர், மறு நிலையில் 12 முதல் 17 மில்லி ஆம்பியர். ஸ்கேனரில் 'மாட்டியது, கழற்றியது' என்று மாறுகிறதா என்று பார்ப்பது எளிது. நாணயமோ பிஸ்கட் துகளோ பக்கிளுக்குள் விழுந்து சுவிட்ச் முழுதாக நகராமல் இருப்பதும் உண்டு.

ரெசிஸ்டர் போட்டு ஏமாற்றலாமா

மேட்டுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரையோ 'எமுலேட்டர்' என்று விற்கும் சிறு பெட்டியையோ மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். செய்யாதீர்கள். அந்தப் பெட்டி 'சீட்டில் பெரியவர் இருக்கிறார்' என்றோ 'யாருமில்லை' என்றோ ஏதாவது ஒன்றை மட்டுமே என்றைக்கும் சொல்லும். முதலாவதில் குழந்தை உட்கார்ந்திருந்தாலும் ஏர்பேக் முழு வேகத்தில் விரியும். இரண்டாவதில் பெரியவர் இருந்தாலும் விரியாமல் போகலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வண்டியிலாவது கோளாறு இருப்பது உட்காருபவருக்குத் தெரியும். சரிசெய்யும்வரை பயணிகளைப் பின் சீட்டில் உட்கார வைப்பதே போதுமான தற்காலிக ஏற்பாடு.

மேட்டை மாற்றுதல்

மேட்தான் என்று உறுதியான பிறகு, பேட்டரி நடைமுறையை முடித்து, நான்கு போல்ட்டையும் கழற்றி, கனெக்டர்களைப் பிரித்து, சீட்டைச் சுத்தமான விரிப்பில் இறக்குங்கள். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் ஓரம் உங்களை நோக்கி இருக்க வேண்டாம். கவரைப் பிடித்திருக்கும் உலோக வளையங்களை வெட்டி எடுங்கள். அவற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, புதியவையும் அவற்றை மடக்கும் இடுக்கியும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். கவரை உரிக்கும்போது மேட் எந்தத் திசையில், எந்த அளவு முன்னே பின்னே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் கவருக்கும் ஃபோமுக்கும் நடுவே, சிலவற்றில் ஃபோமுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும். புதிய மேட்டில் மடிப்பு, சுருக்கம், குமிழ் எதுவும் கூடாது. மேட்டின் வால் ஃபோமிலுள்ள துளை வழியே இழுபடாமல் இறங்க வேண்டும், மடித்துத் திணித்தால் அங்கேதான் முதலில் உடையும். ஃபோம் தொய்ந்து குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அதே குழியில் புதிய மேட் உட்கார்ந்தால் மீண்டும் அதே கோடுதான் வரும்.

கவரைப் பழைய இழுவையிலேயே மாட்டுங்கள். அதிகம் இறுக்கினால் காலி சீட்டே ஆள் இருப்பதாகக் காட்டும். சீட்டைப் பொருத்தும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஓடவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன வரிசையிலும் அளவிலும் இறுக்குங்கள். எடை செல் சீட்டுக்கு இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டவே வேண்டாம்.

பூஜ்ஜியம் வைத்து, சரிபார்த்து முடித்தல்

பயணியை வகைப்படுத்தும் அமைப்பில் சீட்டைக் கழற்றி மாட்டினாலே, பாகம் எதையும் மாற்றாவிட்டாலும், பூஜ்ஜியப் புள்ளியை மீண்டும் வைக்க வேண்டியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி, சீட்டை முழுக் காலியாக வைத்து, கையேடு சொன்ன இடத்துக்கு நகர்த்தி, முதுகைச் சொன்ன கோணத்தில் நிறுத்தி, கதவை மூடி, ஸ்கேனரில் அளவீட்டைத் தொடங்குங்கள். நடக்கும்போது வண்டியில் சாய்வதும் கதவைத் திறப்பதும் கூடாது. டொயோட்டாவின் எடை செல் அமைப்பில் இதன் பிறகு 30 கிலோ எடையைச் சீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் 27-க்கும் 33-க்கும் இடையே காட்டினால் சரி. வெளியே போனால் போல்ட்டுகளையும் சீட்டுக்கடியையும் மறுபடி பார்த்து, அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

கோடுகளை அழித்த பிறகு இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், விளக்கே பழுதாகியிருக்கலாம், அல்லது யாரோ அதைத் துண்டித்தோ மறைத்தோ வைத்திருக்கலாம். அடுத்து காலி சீட், பெல்ட் போடாத பெரியவர், பெல்ட் போட்ட பெரியவர் என்று மூன்று நிலையிலும் விளக்குகள் கையேட்டின் அட்டவணையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். காலி சீட்டில் 'ஆஃப்' விளக்கு எரிவது சில வண்டிகளுக்கு இயல்பு, சிலவற்றுக்கு இல்லை. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது சீட்டை முன்கோடி முதல் பின்கோடி வரை ஒருமுறை நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு மேடுபள்ளமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவந்து, பதிவான கோடு ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனரில் மறுபடி ஒருமுறை படியுங்கள். விளக்கு எரியாமலே பழைய பதிவாக ஒரு கோடு வந்து உட்கார்ந்திருந்தால் கனெக்டருக்குத் திரும்பப் போக வேண்டும்.